கேட்டதும் காதில் விழுந்ததும்

மார்ச் 5, புதன். சாம்பல் புதன்.

தவக்காலம் தொடக்கம். ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. விடிகாலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். பூசை வைத்த சாமியிடம் சொல்லி என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் தாளில் மடித்துக் கொண்டுவந்து பூசிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிலேட்டில் எழுதினார்: “டயர் மாத்தினவன் மாதிரி இருக்கேன்.”

சிலேட்டு வீட்டுக்கு வந்த கதையை எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை அவருக்குத் தொண்டையில் ஆப்பரேஷன். குரல் நாணில் வளர்ந்திருந்த சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். டாக்டர் சொல்லும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். முப்பத்துமூன்று வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரிடம் இதைச் சொல்கிறார்கள்! பொன்மலைப்பட்டியில் இஞ்ஞாசி குரல் கொடுத்தால் டோல்கேட்டில் நிற்பவர்கள் சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று டிப்போவில் பேச்சு.

பிப்ரவரி மூன்றாம் தேதி பிளாசியார் திருநாளன்று கோவிலில் தொண்டைக்கு மெழுகுவத்தி வைத்து ஆசீர்வாதம் கொடுத்தார்கள். வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டேன். புதிதாக வாங்கின பாட்டு ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி, அது போகட்டும். நான் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை.

ஆப்பரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அவர் குரல் பழையபடி வரவேண்டும். அதற்காகப் பாஸ்கா வரை, அதாவது உயிர்ப்பு ஞாயிறு வரை, சினிமாப் பாட்டு கேட்க மாட்டேன். மீனை விடலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் வலிக்கிறதைத்தானே கொடுக்கவேண்டும்.

இன்று அதை அவரிடம் சொன்னேன். சிலேட்டில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார். அதை அழித்துவிட்டு எழுதினார்: “அப்போ கோடைப் பத்து?”

நாங்கள் வருடா வருடம் செய்கிற வேலை அது. வெயில் தொடங்கும்போது அவர் கோடைக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி ஒட்டுவார். அந்த ரெக்கார்டுகளைப் பழைய சாமான் கடைகளில் மலிவாகத் தேடிப் பிடிப்பார். மே கடைசி வரை அவைதான் வீட்டில் ஓடும். பாட்டுகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் சிலுவை போட்டிருக்கிறேன்.

வீட்டுக் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். ஒன்று “கேட்டது”. இன்னொன்று “காதில் விழுந்தது”. இரண்டும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு நான் பொறுப்பாக முடியாது.

கேட்டது 0. காதில் விழுந்தது 2.

மார்ச் 7, வெள்ளி.

கோவிலில் சிலுவைப் பாதை ஜெபம். கஞ்சி, துவையல்.

சிலேட்டுப் பல்பம் தேய்கிறது என்று புது வழி கண்டுபிடித்திருக்கிறார். ஒரு ரூபாய்க் காசால் ஜன்னல் கம்பியில் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போகலாம். நான் அடுப்படிக்குப் போகும்போது ஒரு தட்டு, காபி கொடுத்ததும் இரண்டு தட்டு.

“நான் என்ன பஸ்ஸா?” என்றேன்.

சிலேட்டில்: “டபுள் டக்கர்.”

பேச்சில்லாத மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு.

பூசை முடிந்து சந்தைக்குப் போனோம். காய்கறிக்காக இல்லை. பேசாமல் எப்படிப் பேரம் பேசுவது? அதனால் என்னை இழுத்துப்போனார். பாட்டு கேட்க மாட்டேன் என்றுதான் நேர்ந்திருக்கிறேன், பாட்டு வாங்க மாட்டேன் என்று இல்லை.

சிக்கந்தர் பாய் கடை பழைய சாமான் வரிசையில் கடைசி. தார்ப்பாயில் ரெக்கார்டுகளை அடுக்கி மேலே ஈரச் சாக்கைப் போட்டிருந்தார். வெயில் பட்டால் வளைந்துவிடும்.

“வாங்கண்ணே! என்ன, அண்ணியும் வந்திருக்காங்க? ரெக்கார்டு விஷயத்துல சமாதானமாப் போச்சா?”

அவர் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார்.

“ஆப்பரேஷன் பாய். பேசக்கூடாதுன்னு இருக்கு” என்றேன்.

பாயின் முகம் சுருங்கிவிட்டது. “அல்லா, அந்தத் தொண்டைக்கா!” என்றார். அவருக்கும் ரமலான் நோன்பு, உதடெல்லாம் காய்ந்திருந்தது. ஆனாலும் வியாபாரி. சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப இன்னிக்கு நான் சொன்னதுதான் விலை!”

“அதுக்குத்தானே என்னைக் கூட்டிட்டு வந்திருக்கார்.”

பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் மாங்காய்ப் பாட்டு அடங்கிய ரெக்கார்டு. பாய் முந்நூறு என்றார். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்.

“இது ரெக்கார்டா, அப்பளமா? ஓரம் எந்திரிச்சு நிக்குது.”

“நோன்பு வச்சிருக்கேன் அண்ணி, பொய் சொல்லுவேனா? நேத்து வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு.”

“எனக்கும் தவக்காலம் பாய். நானும் பொய் சொல்ல மாட்டேன். எண்பதுக்கு மேல கையில இல்ல.”

தொண்ணூறுக்கு முடிந்தது. பையில் நூற்றுப்பத்து இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னதே பொய். பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்லக் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்று ஒன்று கற்றுக்கொண்டேன். வெயில் ஏற ஏற விலை இறங்கும். வளைந்துவிடுமோ என்று பாய்க்குப் பயம். அடுத்த வாரம் பதினொரு மணிக்குத்தான் போகவேண்டும்.

மார்ச் 10, திங்கள்.

கேட்டது 0. காதில் விழுந்தது 8. வாங்கினதை இரண்டு பக்கமும் போட்டார். கால் ஆடியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்.

இப்போது காசும் இல்லை, சிலேட்டும் இல்லை. பாட்டிலேயே பேசுகிறார். காபி வேண்டுமா, தாகப் பாட்டு. தோசை தீய்ந்தால் அந்தச் சோகப் பாட்டு, அதுவும் சரணத்தில் முள்ளை வைத்து. சாயங்காலம் ஜெபமாலைக்கு உட்கார்ந்தேன். ஊஞ்சல் பாட்டைப் போட்டார். கல்யாணமான புதிதில் அந்தப் பாட்டு எதற்கு அடையாளம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஜெபமாலையால் தலையில் ஒன்று வைத்தேன். லேசாகத்தான்.

மார்ச் 14, வெள்ளி.

ஆஸ்பத்திரி. டாக்டர் தாளைப் பிரித்தார், கண்ணாடியைத் தேடினார், போட்டார், படித்தார். “கெடுதல் ஏதும் இல்ல” என்றார்.

படிக்கட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்தேன். வெயில் அதிகம்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிலேட்டில் எழுதினார்: “ஆப்பரேஷன் எனக்குத்தானே? நீ ஏன் பேசமாட்டேங்கற?”

டாக்டர் சொன்ன மீதியையும் எழுதிவைக்கிறேன். குரல் எப்படித் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து வரவேண்டும். அதற்குப் பிறகு பேசிப் பேசித்தான் கொண்டுவரவேண்டும். பேசாமலே விட்டாலும் போய்விடும். “பயந்துக்கிட்டு வாயை மூடி வச்சவங்கதான் அதிகம் குரலை விட்டிருக்காங்க” என்றார். இவர் தலையை ஆட்டினார். பலமாகவே ஆட்டினார்.

கரும்புச்சாறு இரண்டு, ஐஸ் இல்லாமல். கேட்டது 0. காதில் விழுந்தது 3, கரும்புச்சாறு கடையில்.

மார்ச் 16, ஞாயிறு.

சந்தை, பதினொரு மணி. நான் சொன்னது சரி. நூற்றைம்பது சொன்னதை எழுபதுக்கு வாங்கினேன்.

பாய் பேட்டரியில் ஓடும் சின்னப் பிளேயர் ஒன்று வைத்திருக்கிறார். வாங்குமுன் போட்டுக் காட்டுவார். நான் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, வலது கை விரல் மட்டும் டிக்கெட் கிழிக்கிறமாதிரி அசைந்தால் நல்ல ரெக்கார்டு. புருவம் ஏறினால் கீறல். அதை வைத்தே விலை பேசினேன். பாய் அசந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதினார்: “பாய் கேட்டார். அண்ணி பஞ்சு வச்சுக்கிட்டும் கால் எப்படித் தாளம் தப்பாம போடுதுன்னு.”

பஞ்சு உயர்ந்த ரகம் இல்லை.

பட்டியலில் இப்போது ஒன்பதும் கையில் இருக்கிறது. பத்தாவதுதான் இல்லை. பத்து வருடமாகத் தேடுகிறார். இருநூறுக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம். அதைவிடக் குறைத்து யாரும் தரவும் மாட்டார்கள். ரெக்கார்டு இல்லாததால் பத்தாவது பாட்டை வருடா வருடம் அவரே பாடுவார். பாடி முடித்துவிட்டு அடுப்படியைப் பார்த்து “கேட்டியா?” என்பார். “காதில விழுந்துச்சு” என்பேன்.

இந்த வருடம் ரெக்கார்டு கிடைத்தால்தான் உண்டு. கவலைப்படாதீங்கண்ணே என்றார் பாய். நாடகக் கம்பெனி நடத்தினவர் வீட்டைக் காலி செய்தபோது மூட்டையாக வாங்கியிருக்கிறாராம். இன்னும் பிரிக்கவில்லையாம்.

மார்ச் 22, சனி.

பாவசங்கீர்த்தனம். புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமி.

“சினிமாப் பாட்டு கேக்க மாட்டேன்னு நேர்ச்சை சாமி. ஆனா காதில விழுது.”

“எத்தனை விழுந்துச்சு?”

நோட்டைப் பிரித்துப் பார்த்து, “நாப்பத்தொண்ணு” என்றேன்.

“பாவசங்கீர்த்தனத்துக்கு நோட்டோட வந்த முதல் ஆள் நீங்கதாம்மா” என்றார். பிறகு, “கேக்கறதுன்னா ரெண்டு இருக்குல்ல? காதால கேக்கறது ஒண்ணு. வேணும்னு வாயால கேக்கறது ஒண்ணு. நீங்க அவரைப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டீங்களா?”

“இல்ல சாமி.”

“அப்ப நேர்ச்சை முறியல. பாஸ்கா வரைக்கும் வாயால கேக்காம இருங்க, போதும்.” நான் எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “கால் ஆடுச்சா?”

இந்தச் சின்னச் சாமிக்கு வயதுக்கு மீறின புத்தி.

அபராதமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம். பாய்க்குச் சொன்ன பொய்க்கும் அதிலேயே அடக்கம்.

மார்ச் 28, வெள்ளி.

எனக்குச் சிலுவைப் பாதையில் வாசகம் படிக்கும் முறை. அதனால் அவர் மட்டும் டாக்டரிடம் போய்வந்தார். வந்ததும் சிலேட்டில் எழுதினார்: “பாஸ்கா வரைக்கும் பேசாதேன்னுட்டார்.”

டாக்டர் நெற்றியில் நாமம் போட்டவர். பாஸ்கா எந்தத் தேதி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. கஞ்சியை அடுப்பில் வைத்தேன்.

மார்ச் 31, திங்கள்.

ரம்ஜான். பாய் சைக்கிளில் பிரியாணி கொண்டுவந்தார். தவக்காலத்தில் நான் கறி தொடுவதில்லை. இவர் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார், சிலேட்டில் மன்னிப்பு எழுதிவைத்துவிட்டு.

ஏப்ரல் 2, புதன்.

ரெக்கார்டு அலமாரியைத் தூசி தட்டினேன். படகுப் பாட்டு ரெக்கார்டின் உறைக்குள் ஒரு சீட்டு இருந்தது. டாக்டர் எழுதினது. இங்கிலீஷ். நான் ஆறாவதோடு நின்றவள்தான். ஆனால் எங்கள் மகள் ரெஜினா மூன்றாவது படித்தபோது அவள் இங்கிலீஷ் புத்தகத்தை அவளைவிட நான்தான் அதிகம் படித்தேன். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். தேதி மார்ச் 28. பேசலாம். தினமும் கால்மணி நேரம் சத்தமாகப் படிக்கவேண்டும். மெதுவாகக் கூட்டவேண்டும்.

இரண்டு முறை படித்தேன். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கத்தரிக்காய் புளிக்குழம்பு. உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

கேட்டது 0. காதில் விழுந்தது 4.

ஏப்ரல் 3, வியாழன்.

குடிதண்ணீருக்குக் குழாயடிக்குப் போய்க் குடத்துக்கு மூடி எடுக்கத் திரும்பி வந்தேன். குளியலறையில் டேங்குக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்.

“பொன்மலைப்பட்டி... டோல்கேட்... போஸ்டாபீஸ்...”

பஸ் போன வழியை ஸ்டாப்பு ஸ்டாப்பாகச் சொல்லிப் பார்க்கிறார். அவர் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. முள் தேய்ந்த பிளேயரில் ஓடுகிற ரெக்கார்டு மாதிரி இருந்தது. “பாலக்கரை” என்று ஆரம்பித்து “பா”விலேயே நின்றுவிட்டது. இருமினார். மறுபடியும் பொன்மலைப்பட்டியிலிருந்து தொடங்கினார். மறுபடியும் பாலக்கரைக்கு முன்னால் நின்றது. அப்புறம் தண்ணீர் சத்தம் மட்டும்.

மூடி எடுக்காமலே போய்விட்டேன்.

ஏன் பேசவில்லை என்று திரும்பி வந்ததும் அவரிடம் கேட்டிருக்கலாம். பாஸ்கா வரை வாயால் கேட்கக்கூடாது என்று சாமி சொல்லியிருக்கிறார். சாமி பாட்டைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

காதில் விழுந்தது: மூன்று ஸ்டாப்பு.

ஏப்ரல் 6, ஞாயிறு.

மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சந்தைக்குப் போனேன். எண்ணெயும் வாங்கினேன், பொய்யாகக்கூடாது என்பதற்காக.

பாய் என்னைப் பார்த்ததும் மூட்டைக்குள் கையை விட்டார். “நாடகக்காரர் வீட்டுச் சரக்கு அண்ணி. அண்ணன் பத்து வருஷமாக் கேட்டது.”

பத்தாவது பாட்டின் ரெக்கார்டு. உறையில் அந்தப் பட்டுப்பாவாடைப் பெண், அந்தத் தென்னந்தோப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டேன். வெயில்.

“எவ்வளவு பாய்?”

“நானூறு.”

“நானூறுக்கு அந்தப் பொண்ணே எறங்கி வந்து பாடணும்.”

“அண்ணி, வேற யாருக்குன்னா அறுநூறு!”

“வேற யாராச்சும் வாங்கறதா இருந்தா இந்த வெயில்ல ஏன் வச்சிருக்கீங்க?”

இருநூறில் வந்து நின்றோம். அதற்குக் கீழே பாய் இறங்கவில்லை. நானும் அதற்குமேல் இழுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வைத்த எல்லை அதுதானே.

“போட்டுக் காட்டவா அண்ணி?”

“வேணாம் பாய். இதை மட்டும் கேட்டேன்னா மாதா முகத்துல முழிக்க முடியாது.”

பஞ்சும் கொண்டுபோகவில்லை. பார்ப்பதற்கு அவர் முகமும் பக்கத்தில் இல்லை. வெயிலில் சாய்த்துக் கண்ணாலேயே பார்த்தேன். நடுவில் ஒட்டின தாள் உரிந்திருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை, வளைவு இல்லை. யாரும் போட்டே பார்க்காத மாதிரி இருந்தது. பழைய சேலையில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பாஸ்கா அன்று கொடுக்கவேண்டும்.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினால் தப்பில்லை. கல்யாணமான முதல் கோடையில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திரும்பும்போது உச்சி வெயில், அவர் பஸ்ஸில் நான் ஒருத்திதான். கடைசி சீட்டிலிருந்து டிரைவர் சீட்டு வரை நடந்து நடந்து அந்தப் பாட்டை முழுசாகப் பாடினார். பாடிவிட்டு எனக்கு டிக்கெட்டும் கிழித்தார், காசும் வாங்கினார். அந்த டிக்கெட் என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. மெல்லிய தாள், பக்கக்குறிக்கு வசதி.

ஒரு வரி என்றேன். கூடிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்.

வேலையில்லாமலே அரைமணி நேரம் குழாயடியில் நின்றேன், குளியலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். வீட்டில் ஆள் இருந்தால் அவர் பேசிப் பார்ப்பதில்லை. காதில் விழுந்தது: நான்கு ஸ்டாப்பு. பாலக்கரை தாண்டியாயிற்று.

ஏப்ரல் 10, வியாழன்.

குழாயடியில் முக்கால் மணி நேரம். காந்தி மார்க்கெட். அங்கே எப்போதுமே கூட்டம், மெதுவாகத்தான் போகும்.

எதிர்வீட்டு தமயந்தி, “என்னக்கா, தண்ணி நின்னு ஒரு மணி நேரமாச்சு, குடத்தை வச்சுக்கிட்டு நிக்கறீங்க?” என்றாள். காற்று வாங்குகிறேன் என்றேன். ஏப்ரல் மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு.

பவனியில் எல்லோரும் ஓசன்னா பாடினார்கள். அவர் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். சத்தம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்றதில் எனக்குத் தெரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. பாடத்தான் பார்த்தார், குரல் வரவில்லை. பெரிய சாமி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி நடந்து வரும்போது ரிட்டயரான டிரைவர் ஒருவர் முதுகில் தட்டி, “என்ன வெண்கலத் தொண்டை! டிப்போவே அமைதியாக் கிடக்கு” என்றார். இவர் சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மதியம் வரை ஒரு பாட்டும் போடவில்லை. எனக்கு நல்லதுதான், கணக்கு எழுதுகிற வேலை மிச்சம்.

சாயங்காலம் நானே பிளேயரைத் துடைத்து வைத்தேன். துடைத்தேன், அவ்வளவுதான். போடச் சொல்லிக் கேட்கவில்லை.

கேட்டது 0. காதில் விழுந்தது 0.

ஏப்ரல் 15, செவ்வாய்.

அவர் பேசிப் பார்க்கக் குளியலறைப் பக்கம் போகவில்லை. மூன்று நாளாக ஒரு ஸ்டாப்பும் காதில் விழவில்லை. ரெஜினா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, “அப்பா குரலைக் கேக்கணும்மா” என்றாள். போனை வாங்கிக் காசால் இரண்டு தட்டுத் தட்டினார். அவளும் சிரித்தாள். வைத்த பிறகு சிலேட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இன்று அதில் எதுவும் எழுதவில்லை.

பயந்து வாயை மூடினவர்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. முறுக்கு மாவு பிசைந்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்.

மத்தியானம் குழாயடிக்குப் போகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். தண்ணீர் வராத நேரம் என்று அவருக்குத் தெரியும். குடத்தை எடுத்தேன். தெருமுனை வரை போய், “தமயந்தி வீட்டுக்கும் போய்ட்டு வரேன், லேட்டாகும்!” என்று கத்திவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன்.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய் திறந்தது. பொன்மலைப்பட்டி. டோல்கேட். போஸ்டாபீஸ். பாலக்கரை. காந்தி மார்க்கெட். மெயின்கார்டு கேட்.

கடைசி ஸ்டாப்பு, சத்திரம் மட்டும் பாக்கி.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி.

இன்று கோவில் மணிக்கும் பேச்சில்லை. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள். சிலுவையை முத்தமிடும்போது ஆண்டவரிடம் ஒரே ஒரு ஸ்டாப்பு கேட்டேன். இதையும் கேட்கக்கூடாதோ என்னவோ.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு.

முதல் பூசை முடிந்து வந்து காபி. பிறகு சேலையைப் பிரித்து ரெக்கார்டை அவர் மடியில் வைத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு என்று விரலால் கேட்டார். இரண்டு விரல் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கா மாதாவுக்கா என்று தெரியவில்லை.

பிளேயருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேர்ந்துகொண்ட பிறகு இன்றுதான் ஒழுங்காக, கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்தேன். முள்ளை வைத்தார். கரகரவென்று ஓடியது.

இடி இடித்தது.

“பாட்டுக்கு முன்னாடி மழை போல” என்றேன். மழையும் பெய்தது, ரொம்ப நேரம். பிறகு குதிரை ஓடியது. ஒரு குழந்தை வீறிட்டது. நாய் குரைத்தது. கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி கட்டினதும் யாரோ ஒரு ஆள், “ஐயோ, திருடன்! திருடன்!” என்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாடகக் கம்பெனிக்காரர் மேடைக்கு வைத்திருந்த சத்தங்கள். உறை அதுதான், உள்ளே இருந்தது இது.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சல்லடையில் மணல் சலிக்கிறமாதிரி ஒரு சிரிப்பு. நிறுத்தப் பார்த்தார். அதற்குள் ரெக்கார்டில் நரி ஊளையிட்டது. அவ்வளவுதான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் பிலோ, போட்டுப் பார்க்காமயா வாங்கின?”

நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. சொல்லிவிட்டுத்தான் சொன்னது தெரிந்தது அவருக்கு. கை தானாகத் தொண்டைக்குப் போனது.

“கேக்க மாட்டேன்னு நேர்ச்சையாச்சே” என்றேன்.

“நான்... டாக்டர் எப்பவோ...”

“தெரியும். படகுப் பாட்டு உறைக்குள்ள.”

“தெரியுமா!” முழித்தார். பிறகு, “நீ மட்டும்? தண்ணி வராத நேரத்துல குடத்தோட நின்னியே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வேப்பமரத்துக்குப் பின்னால சேலை தெரியுது!” என்றார். பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது. ரெக்கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்தக் குரலை வச்சுக்கிட்டு என்னத்தைப் பேசறது. உனக்கு அந்தக் குரல்தான் பழக்கம்.”

நான் ஜெபப் புத்தகத்தை எடுத்து அந்த டிக்கெட்டை அவர் கையில் வைத்தேன். வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கக்குறிக்கு வசதி என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

“பத்தாவது பாட்டைப் பாடுங்க” என்றேன்.

“உடைஞ்ச குரல்லயா?”

“போட்டுப் பார்க்காம எப்படித் தெரியும்?”

முள்ளை எடுத்தார். எழுந்து நின்றார். கூடத்தில் அலமாரியிலிருந்து வாசல் வரை நடந்து நடந்து பாடினார். பல்லவி கரடுமுரடாக வந்தது. அனுபல்லவியில் ஒரு இடம் அறுந்தது, திரும்ப எடுத்தார். சரணத்தில் மேலே போகிற அந்த இடம் மட்டும் வரவே இல்லை. அங்கே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். அந்த ஒரு வரியை நான் பாடினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மீதியை அவர் முடித்தார். முடித்து, வாசல்படியில் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டி, “சத்திரம்! சத்திரம் வந்தாச்சு, எறங்கும்மா!” என்றார். எதிர்வீட்டு தமயந்தி ஜன்னலைத் திறந்தாள். டோல்கேட் வரை கேட்டிருக்காது. எதிர்வீடு வரை போதும்.

பழையபடி வரவேண்டும் என்றுதான் நேர்ந்திருந்தேன். பழையபடி இல்லை. மாதாவிடம் இதற்குப் பேரம் பேசப் போவதில்லை.

ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்து இருநூறை வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். மே மாதத்தில் அந்த மழை உதவுமாம்.

காதில் விழுந்தது: இடி, மழை, குதிரை, குழந்தை, நாய், கெட்டிமேளம், திருடன், நரி.

கேட்டது 1.